எந்த ஸ்டேட்டுக்கு ஓடினே

ஓடிய காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தூக்கக் கலக்கம்தான். மெடல் எல்லாம் அப்புறம். விடிவதற்கு முன்னால் அம்மா வந்து போர்வையை உருவுவாள். ஓசூர்க் குளிரில் இருந்தவர்களுக்குத் தெரியும், மார்கழியில் அந்த நேரத்தில் போர்வையை உருவுவதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம். பல் தேய்த்து, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாசலுக்கு வருவதற்கும் அப்பாவின் மொபெட் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருவார். வண்டியை அணைக்கக்கூட மாட்டார். ஏறி உட்கார்ந்து அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். மைதானம் வரைக்கும் அப்படியே ஒரு குட்டித் தூக்கம். ஓட்டுகிறவரும் பாதித் தூக்கத்தில்தான் ஓட்டுவார். பாகலூர் ரோட்டில் எதிரே வருகிற லாரிக்காரர்கள் எங்கள் இருவரையும் எப்படி விட்டுவைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

மைதானத்துக்குப் போனதும் அப்பா சிமெண்ட் படிக்கட்டில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். கம்பெனி யூனிபார்மோடு, காலில் அந்தக் கனமான ஷூவோடு. நான் சுற்றுகளை முடித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே போய் எழுப்புவேன்.

"முடிஞ்சிருச்சா தாயி?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"நல்லா ஓடுனியா?"

"ஓடினேன்."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். ஆக, என்னை ஓட்டப்பந்தயத்துக்கு நேர்ந்துவிட்ட மனுஷன் நான் பயிற்சியில் ஒரு சுற்று முழுசாக ஓடுவதைப் பார்த்ததில்லை. கூட ஓடுகிற பிள்ளைகள், "உங்கப்பா என்ன, கிரவுண்டு வாட்ச்மேனா?" என்று கிண்டல் செய்யும். எனக்கு முகம் சிவந்துவிடும். அப்பாவிடம் சொன்னால், "இப்படித் தூங்குறவன எவன்டா வாட்ச்மேனா வெப்பான்" என்று சிரிப்பார்.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மீசை சரியாக முளைப்பதற்குள் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து, ஒரே கம்பெனியில், ஒரே பிரஸ் மெஷின் முன்னால் நின்றவர். தகட்டை வைக்கணும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கணும், மெஷின் இறங்கி ஏறினதும் எடுக்கணும். அதுதான் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். அவருடைய கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு பச்சையாகத் தெரியும். அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரே வசனம் எனக்கு மனப்பாடம்.

"நான் நின்னது போதும். எம்புள்ள அந்த லைன்ல வந்து நிக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு போலீஸ் வேல கெடச்சாப் போதும். அதுக்குத்தான் இந்த ஓட்டம்."

அதுக்குத்தான் அந்த ஓட்டம். இந்தியாவுக்காக ஓட வேண்டும், கொடி பிடிக்க வேண்டும் என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கனவு காணவில்லை. ஓடினால் வேலை. அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு ஓட்டம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் தெரிந்தது. விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடி, பெரிய வகுப்பு அக்காக்களைத் தாண்டி வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஸோன், மாவட்டம் என்று ஒவ்வொன்றாகப் போனேன். எண்ணூறு மீட்டர்தான் என் பந்தயம். இரண்டு சுற்று. முதல் சுற்று யார் வேண்டுமானாலும் ஓடிவிடலாம். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் தொடை இரண்டும் கல்லாகிவிடும், வாயில் இரும்பு ருசி வரும். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் கொஞ்சம் தளர்வார்கள். நான் தளர மாட்டேன். திறமை என்று இதைத்தான் சொன்னார்கள். எனக்கு என்னவோ அது பிடிவாதம் என்றுதான் படுகிறது. அம்மா வழிப் பிடிவாதம்.

அம்மா இந்த ஊர்க்காரி. பிறந்த வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, அத்திப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். அத்திப்பள்ளி கர்நாடகம். இதை இப்போது எழுதும்போதுதான் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு அது பெரியம்மா வீடு. எங்கள் பக்கத்துக் கடைசி ஊரான ஜூஜுவாடியைத் தாண்டினால் வருகிற அடுத்த ஊர். கல்யாணம், காதுகுத்து, தக்காளி வியாபாரம், பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் போவோம், வருவோம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது. எங்கே எது கிடைக்கிறதோ அங்கே அந்த வீட்டு விலாசத்தைக் கொடுப்பது எல்லைப் பக்கத்துக் குடும்பங்களில் சகஜம். யாரும் அதை ஏமாற்றாக நினைத்ததில்லை.

தசரா சமயத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். பெரியப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். "எந்த ஊரும்மா?" என்று மைக்கில் கேட்டால், "அத்திப்பள்ளி" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். ஜெயித்தால் எவர்சில்வர் குடம், அண்டா, அடுக்கு டிபன் கேரியர். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பாதி நான் கர்நாடகத்தில் ஓடிக் கொண்டுவந்தவை. அம்மா அந்த அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இது என் பொண்ணு ஓடி வாங்கியாந்தது" என்பாள். அவளுக்கு மெடல் ஒரு பொருட்டே இல்லை. மெடலில் தண்ணீர் பிடிக்க முடியாதே.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். முதல் இரண்டு பேரைத் தமிழ்நாட்டு அணியில் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். பனியன்கூட அளவு பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்துக்கொண்டு, இளநீர் குடித்துக்கொண்டு, எனக்குப் பதிலாக மூன்றாவதாக வந்த பெண் ரயிலேறியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அழுதேன்தான். அப்பா கதவுக்கு வெளியே நின்று, "போனாப் போவுது தாயி. காலேஜ்ல ஓடிக்கலாம்" என்றார். எங்களுக்கு அது ஒரு போட்டி தவறிய கதை, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்காக ஓட எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கோடையில் கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர் பெரியப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தசராப் போட்டிகளில் என்னைப் பார்த்திருக்கிறார். சீட் இலவசம், ஹாஸ்டல் இலவசம், முட்டை, பால், ஆணி வைத்த ஸ்பைக் ஷூ. சேலத்தில் ஒரு கல்லூரியும் கூப்பிட்டிருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது என்று நினைக்க வேண்டாம். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"சேலம் எவ்ளோ தூரம் இருக்குது? ஆனேக்கல்லுன்னா அக்கா ஊட்டுக்குப் போறாப்ல போயி பாத்துட்டு வந்துர்லாம் இல்ல?"

அப்பாவும் தலையாட்டினார். பஸ்ஸைப் பார்த்து முடிவு செய்தோம். இரண்டு மாநிலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விண்ணப்பத்தில் வழக்கம்போலப் பெரியம்மா வீட்டு விலாசம்.

கல்லூரி வருஷங்கள் முழுக்க உடம்பு வலித்ததுதான் நினைவிருக்கிறது. காலையில் ஓட்டம், மாலையில் ஓட்டம், நடுவில் வகுப்பில் தூக்கம். எங்கள் சார் கன்னடமும் தமிழும் கலந்து திட்டுவார். திட்டாத நாளில் எனக்குப் பயமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மாதவிலக்கு நாளிலும் ஓடினேன். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில், கர்நாடகத்துப் பல்கலைக்கழக அணிக்காக ஓடி, எண்ணூறு மீட்டரில் மூன்றாவதாக வந்தேன். கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். மேடையில் என் பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது போட்டோவில் நன்றாகத் தெரியும். பார்க்கிறவர்கள் என்ன நட்பு என்று நினைப்பார்கள்.

பாகலூர் சர்க்கிளில் பிளெக்ஸ் வைத்தார்கள், "எங்கள் மண்ணின் தங்கம்" என்று. வெண்கலம் என்று போட்டால் எடுப்பாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். அத்திப்பள்ளியில் கன்னடத்தில் இன்னொரு பிளெக்ஸ். அப்பா மொபெட்டில் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் அவர் கெண்டைக்கால் வலியைப் பற்றியே பேசவில்லை. "இனிமே போலீஸ் வேல நம்ம பாக்கெட்டுல தாயி" என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன?

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு இரண்டும் தேறினேன். ஓட்டத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கக்கூட அவசியம் இருக்கவில்லை. சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா லீவு போட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதனாலேயே எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அது ஒரு எரிச்சல்.

"எந்த ஸ்டேட்டுக்கு ஓடினே?"

"கர்நாடகாவுக்கு மேடம்."

"நீ கிருஷ்ணகிரி மாவட்டம்தானே?"

"ஆமா மேடம். பாகலூர்."

"அப்புறம் ஏம்மா அங்க போய் ஓடினே?"

 உள்ளதைச் சொன்னேன்.

"பக்கத்துல இருந்துச்சு மேடம்."

 தமிழ்நாட்டு அணிக்கோ தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ ஓடியிருந்தால்தான் இந்த ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்ள முடியும் என்று அவர் நிதானமாக விளக்கினார். அப்பா பின்னாலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

"மேடம், இந்தியாவுலயே மூணாவதா வந்த புள்ள மேடம்."

"தெரியுதுங்க ஐயா. ஆனா அது அவங்களுக்கு வந்த மெடல். நம்ம கணக்குல வராது."

சரி, அவர்களுக்கு வந்த மெடல் என்றால் அவர்களிடமே கேட்போம் என்று பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனோம். அங்கே போலீஸ் ஆபீஸில் இருந்த குமாஸ்தா என் சான்றிதழ்களைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். டீ வரவழைத்தார். அப்புறம் பள்ளிக்கூடச் சான்றிதழைப் புரட்டினார். முகம் மாறியது.

"நிம்ம ஊரு தமிழ்நாடு அல்வா?"

உங்கள் ஊர் தமிழ்நாடு அல்லவா என்று கேட்கிறார். பெரியப்பா முந்திக்கொண்டு, அத்திப்பள்ளி, அத்திப்பள்ளி என்றார். குமாஸ்தா சிரிக்கவில்லை. விளையாடுவதற்கு விலாசம் போதும், வேலைக்கு இங்கே படித்து வளர்ந்திருக்க வேண்டும் என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டோம். மரியாதைக் குறைவுதான். 

திரும்பும்போது ஜூஜுவாடிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் டிராபிக்கில் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் லாரிகள். அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சர் கடை, பிரியாணிக் கடை, ஒயின் ஷாப், லாட்ஜ், மறுபடி பஞ்சர் கடை.

"இதுல எது வரைக்கும் அவங்களுது தாயி, எதுல இருந்து நம்மளுது?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய் வந்தவர்.

"தெரியலப்பா" என்றேன். எனக்கும் தெரியவில்லை.

ரயில்வேக்கு டிரையல் போனேன். அங்கே வந்திருந்தவர்கள் இந்தியாவுக்கே ஓடியவர்கள். வலித்துக்கொண்டிருந்த என் கால் எலும்பு அதற்குள் ஏறக்குறைய விரிசல் விட்டிருந்தது. கடைசி வளைவில் முதல் முறையாக நான் தளர்ந்தேன். ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, பஸ்ஸில் ஏற்றுவது, மழை வந்தால் கணக்கு டீச்சருக்கு வகுப்பைத் தாரை வார்ப்பது. ஊரில் பார்க்கிறவர்கள், "இன்னும் ஓடிக்கினுதான் இருக்கியா?" என்பார்கள். முதலில் விளக்கம் சொன்னேன். அப்புறம், "ஆமாக்கா, ஓடிக்கினுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கிச் சொல்லவும் தெம்பு வேண்டும் இல்லையா?

அப்பா மட்டும் விடவில்லை. பேப்பரில் வருகிற விளம்பரத்தையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். வயது வரம்பு தாண்டும் வரைக்கும் வைத்தார். அதற்கப்புறம் பேப்பர் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

அவர் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. சர்வீஸ் மிச்சம் இருக்கும்போதே ஒருவர் தானாக வேலையை விட்டால், அவர் பிள்ளைகளில் ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பா எழுதிக் குடுத்துட்டாரு" என்றாள்.  பையைக்கூட இறக்காமல் அப்பாவிடம் போனேன்.

"யாரக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?"

"யாரக் கேக்கணும்? என் வேல, நான் குடுக்குறேன்."

"நான் அந்த லைன்ல நிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானேப்பா?"

அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொன்னேன். நான்தான் சொன்னேன். இது பெர்மனென்ட் தாயி. இப்பல்லாம் எவன் குடுக்குறான் பெர்மனென்ட்? காண்ட்ராக்ட்லயே தல நரச்சுப் போவுது அவனவனுக்கு. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல, உனக்குக் குடுக்க."

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு போய்ச் சேர்ந்தேன். வேறு என்ன செய்வது? இன்டர்வியூவில் இருந்தவர் என் பைலைப் பார்த்துவிட்டு, கம்பெனி விளையாட்டு விழாவில் ஓடுவீர்களா என்று கேட்டார். கால் சரியில்லை சார் என்றேன்.

பயிற்சி வகுப்பெல்லாம் முடிந்து நான் லைனுக்குப் போன முதல் நாள் அப்பாவுக்குக் கடைசி நாள். அப்படி அமையும்படி அவரே சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியிருந்தார். இருவரும் ஒரே கலர் யூனிபார்மில் மொபெட்டில் போனோம். அவருடைய மெஷினை நான் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அது இறங்கும்போது பாதத்தின் அடியில் தரை அதிர்ந்தது. அவர் நிற்கிற இடத்தில் தரையின் பச்சைப் பெயிண்ட் இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்து சிமெண்ட் தெரிந்தது.

"இங்க வந்து நில்லு" என்றார்.

நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களைப் பார்த்தே பேசினார்.

"ரெண்டு காலையும் சேத்து வெக்காத, அகட்டி நில்லு. ஒரே கால்ல பாரம் போடாத, மாத்தி மாத்திப் போடு. முட்டிய வெறப்பா வெச்சா சாயங்காலம் மடக்க முடியாது. நடுவுல குதிகால மட்டும் தூக்கித் தூக்கி எறக்கு, ரத்தம் மேல ஏறும். தண்ணி குடிக்க மறந்துராத."

"சரிப்பா."

"செய்யி, பாப்போம்."

குதிகாலைத் தூக்கி இறக்கினேன். அவரும் பக்கத்தில் நின்று அதே மாதிரி செய்து காட்டினார். மெஷின் சத்தத்தில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து, நீங்கள் கிளம்பலாம், ஆபீஸில் மாலை போடக் காத்திருக்கிறார்கள் என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் சார், புள்ளைக்கிப் பழகட்டும்" என்றார் அப்பா. முதல் நூறு தகடு போகும் வரைக்கும் என் பின்னாலேயே நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டனிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை தோளில் அவர் கை பட்டது. பிறகு பட்டுக்கொண்டிருந்த இடம் லேசானது, போய்விட்டார் என்று தெரிந்தது.

மெடல் வாங்கியபோதும், சென்னையிலும், பெங்களூரிலும் நான் அழவில்லை. அன்றைக்கு டீ இடைவேளையில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தன் வாழ்நாளெல்லாம் எனக்கு வரக் கூடாது என்று பாடுபட்டதைத்தான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மணி அடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காலை அகட்டி நின்றேன்.